ஜி. யு. போப்

ஜார்ஜ் யூக்ளோ போப் (ஏப்ரல் 24, 1820 - பெப்ரவரி 11, 1908) கிறித்தவ மறைபரப்புநராகத் தமிழகத்துக்கு வந்து, பள்ளி ஆசிரியராகவும் தமிழறிஞராகவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியாவில் பணியாற்றியவர். திருக்குறள், நாலடியார், திருவாசகம் ஆகிய மூன்று நூல்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஜி. யு. போப் என்ற சுருக்கப் பெயராலேயே தமிழர்களிடையே பெரிதும் அறியப்படுகிறார்.

இவருடைய தமிழ்ப்பணி பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆனால் இவர் எங்கே பிறந்தார், எத்தகைய குடும்பத்திலிருந்து வந்தார், இவருடைய உறவினர் யாவர் என்பன பற்றித் தமிழில் உள்ள செய்திகள் குறைவாகவும் சில இடங்களில் பிழையாகவும் உள்ளன. இக்கட்டுரை அவருடைய வாழ்க்கையை அவரது குடும்ப வரலாற்றோடு சேர்த்துத் தருகிறது.

பெயர் விளக்கம்

போப் என்பது குடும்பப் பெயர். உரோமன் கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவரைக் குறிக்கும் பட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவர் கத்தோலிக்கரும் அல்லர். வெசுலிய மெதடிசுத்தக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானவர்.

யூக்ளோ என்பது இவருடைய தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். தமிழர் பெயர்களில் முதலெழுத்து பெரும்பாலும் தந்தையைக் குறிக்கும். ஆனால் போப்பின் பெயரில் உள்ள நடு எழுத்து தாய்வழியைக் குறிக்கிறது. தாய் வீட்டுப் பெயரைப் பிள்ளைகளின் நடுப்பெயராக வைக்கும் வழக்கம் அக்காலப் பிரித்தானியக் குடும்பங்களில் பரவலாக இருந்தது. இவ்வழக்கம் இக்குடும்பத்தில் அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்ததைப் பின்னர் காணலாம்.

தமிழகத்தில் இவரைப் போப்பையர் என்றும் அழைத்தனர். ஐயர் என்பது இங்கே சாதிப் பெயரன்று. அக்காலத்தில் சீர்திருத்தக் கிறித்தவக் குருமாரைக் குறிக்க மக்கள் வழங்கிய மரியாதைச் சொல் ஆகும்.

குடும்பப் பின்னணி

போப்பின் தந்தை ஜான் போப் (1791 - 1863). இவர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் பகுதியில், பாட்சுடோ என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். தாய் கேத்தரின் யூக்ளோ (1797 - 1867). இவர் வடக்குக் கார்ன்வாலில் உள்ள சிட்ராட்டன் என்னும் ஊரைச் சேர்ந்தவர். ஆகவே இருவரும் கடலை அண்டிய சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். நிலவுடைமைப் பிரபுக் குடும்பமோ, பல்கலைக்கழகக் கல்வி மரபுள்ள குடும்பமோ அல்ல. கப்பலும் மரமும் விற்று வாழ்ந்த வணிகக் குடும்பம்.

1818 ஆம் ஆண்டில் ஜான் போப் வட அமெரிக்காவில் இருந்த பிரித்தானியக் குடியேற்றமான இளவரசர் எட்வர்ட் தீவுக்குக் குடிபெயர்ந்தார். இதற்கு ஒரு பொருளியல் காரணம் உண்டு. நெப்போலியன் போர்களின்போது பால்டிக் கடற்பகுதியிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்துகொண்டிருந்த மரம் தடைப்பட்டது. கப்பல் கட்டுவதற்கு வேண்டிய மரத்துக்காகப் பிரித்தானியா வட அமெரிக்கக் குடியேற்றங்களை நாடியது. குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு வரிச் சலுகையும் அளிக்கப்பட்டது. இதனால் மேற்கு இங்கிலாந்தின் வணிகக் குடும்பங்கள் பல அத்தீவுக்கு ஆட்களை அனுப்பின. அங்கேயே கப்பலைக் கட்டி, அதில் மரத்தை ஏற்றி, பிரித்தானியாவுக்கு அனுப்பி, மரத்தையும் கப்பலையும் சேர்த்து விற்பது வழக்கமாக இருந்தது.

தீவின் பெடெக் என்னும் இடத்தில் ஜான் போப்பும் அவருடைய சகோதரர் வில்லியமும் மர வணிகத்தில் ஈடுபட்டனர். 1819 ஆம் ஆண்டில் அவர்களுடைய தம்பி ஜோசப் போப்பும் அங்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1820 ஏப்ரல் 24 அன்று, ஜான் - கேத்தரின் இணையருக்கு ஜார்ஜ் யூக்ளோ போப் பெடெக்கில் பிறந்தார்.

பிறந்த நாடு பற்றிய குழப்பம்

சில தமிழ்ப் பாட நூல்களிலும் தேர்வுக் கையேடுகளிலும் போப் பிரான்சு நாட்டின் எட்வர்ட் தீவில் பிறந்தவர் என்று காணப்படுகிறது. இது பிழை. இளவரசர் எட்வர்ட் தீவு பிரான்சில் இல்லை. கனடாவின் கிழக்குக் கரையோரம், செயிண்ட் லாரன்சு வளைகுடாவில் உள்ளது. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. பின்னர் பிரித்தானியரின் கைக்கு வந்தது. விக்டோரியா அரசியின் தந்தையான இளவரசர் எட்வர்டின் பெயர் 1799 ஆம் ஆண்டில் அதற்குச் சூட்டப்பட்டது. தீவின் பழைய பிரெஞ்சுத் தொடர்பே இக்குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

சில ஆங்கில நூல்கள் இத்தீவை நோவா இசுகோசியாவின் ஒரு பகுதியாகக் குறிப்பிடுவதும் உண்டு. இதுவும் சரியன்று. போப் பிறந்தபோது அது தனியான குடியேற்றமாகவே இருந்தது. கனடா என்னும் கூட்டாட்சி நாடு 1867 ஆம் ஆண்டில்தான் உருவானது. இத்தீவு அதில் சேர்ந்தது 1873 ஆம் ஆண்டில். ஆகவே போப்பைப் பிறப்பால் ஒரு குடியேற்ற நாட்டுப் பிரித்தானியர் என்று கூறுவதே பொருந்தும்.

தாயின் பெயரைச் சில தமிழ் நூல்கள் கெதரின் யுளாப் என்று எழுதியுள்ளன. மகனின் நடுப்பெயரோடு ஒப்பிட்டால் யூக்ளோ என்பதே சரியானது என்பது விளங்கும்.

இங்கிலாந்து திரும்புதல்

ஜான் போப் குடும்பம் தீவில் நெடுங்காலம் தங்கவில்லை. அவர்கள் அண்டைக் குடியேற்றமான நோவா இசுகோசியாவுக்குச் சென்றனர். 1822 ஆம் ஆண்டில் இன்னொரு மகனான வில்லியம் பர்ட் போப் அங்கே ஆர்ட்டன் என்னும் இடத்தில் பிறந்தார். 1826 ஆம் ஆண்டில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, பிளிமத் துறைமுக நகரில் குடியேறியது. அங்கு ஜான் போப் பெயர்பெற்ற வணிகராகவும் கப்பல் உடைமையாளராகவும் விளங்கினார்.

அப்போது ஜார்ஜுக்கு வயது ஆறு. ஆறு வயதுக்குள் இரண்டு குடியேற்றங்களில் வாழ்ந்து, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, இங்கிலாந்தை முதன்முறையாகப் பார்த்த சிறுவன் அவர். பத்தொன்பது வயதில் மீண்டும் கப்பலேறி இன்னொரு தொலைநாட்டுக்குச் செல்வது இக்குடும்பத்துக்குப் புதிய செயல் அன்று.

உடன்பிறந்தவரும் உறவினரும்

தம்பி வில்லியம் பர்ட் போப் (1822 - 1903) மெதடிசுத்தத் திருச்சபையின் முதன்மையான இறையியலாளர்களுள் ஒருவர். இளமையில், 1837-38 ஆம் ஆண்டில், பெடெக்கில் கப்பல் கட்டுநராகவும் வணிகராகவும் இருந்த உறவினரிடம் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னர் மான்செசுடர் அருகே டிட்சுபரியில் இருந்த வெசுலியக் கல்லூரியில் இறையியல் ஆசிரியரானார். 1877 ஆம் ஆண்டில் மெதடிசுத்த மாநாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செருமன் மொழியிலிருந்து சமய நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அண்ணன் தமிழிலிருந்தும் தம்பி செருமனிலிருந்தும் மொழிபெயர்த்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சித்தப்பா ஜோசப் போப் (1803 - 1895) தீவிலேயே தங்கிக் குடும்ப வணிகத்தைத் தொடர்ந்தார். தீவின் சட்டமன்ற உறுப்பினராகவும் அதன் அவைத் தலைவராகவும் பதவி வகித்தார். அவருடைய மக்கள் இருவர் கனடாவின் வரலாற்றில் இடம்பெற்றவர்கள்.

* வில்லியம் என்றி போப் (1825 - 1879): கனடாக் கூட்டாட்சியை உருவாக்கியவர்களுள் ஒருவராகக் கருதப்படுபவர். 1864 செப்டம்பரில் தீவின் தலைநகரான சார்லட்டவுனில் நடந்த மாநாட்டுக்குக் கப்பலில் வந்த விருந்தினரைச் சிறு படகில் சென்று வரவேற்றவர்.
* ஜேம்சு கோலெட்ச் போப் (1826 - 1885): தீவின் முதலமைச்சராக மூன்று முறை இருந்தவர். இவருடைய பதவிக் காலத்தில்தான், 1873 சூலை 1 அன்று, தீவு கனடாவுடன் இணைந்தது.

இவ்விருவரும் தமிழறிஞர் போப்புக்குத் தம்பி முறை ஆவர். சார்லட்டவுனில் ஒரு தம்பி கூட்டாட்சிக்காகப் பேசிய 1864 ஆம் ஆண்டில், அண்ணன் உதகமண்டலத்தில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார்.

கல்வியும் இந்தியப் பயணமும்

ஜார்ஜ் போப், பரி, ஆக்சுடன் ஆகிய இடங்களில் இருந்த வெசுலியக் கல்வி நிலையங்களில் பயின்றார். சிறுவயதிலேயே மறைபரப்புநராக வேண்டும் என்று முடிவு செய்தார். 1839 ஆம் ஆண்டில் வெசுலிய மறைபரப்புச் சங்கத்தின் சார்பில் சென்னைக்குப் புறப்பட்டார்.

அவர் தமிழைக் கப்பலில்தான் கற்கத் தொடங்கினார் என்பது பரவலான செய்தி. ஆனால் 1900 ஆம் ஆண்டில் வெளிவந்த திருவாசகப் பதிப்பின் முன்னுரையில், தமது முதல் தமிழ்ப் பாடம் 1837 ஆம் ஆண்டில் நடந்ததாக அவரே குறித்துள்ளார். அதாவது கப்பலேறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பதினேழாம் வயதளவில், அவர் தமிழ் கற்கத் தொடங்கிவிட்டார். கப்பல் பயணத்தில் அப்படிப்பு தொடர்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

சென்னையில் இராமாநுச கவிராயரிடம் அவர் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். கவிராயர் பல ஐரோப்பியருக்குத் தமிழ் கற்பித்தவர். துரு என்னும் மறைபரப்புநர் 1840 ஆம் ஆண்டில் வெளியிட்ட திருக்குறள் பதிப்புக்குத் துணை நின்றவர். பிற்காலத்தில் போப் செய்த குறள் மொழிபெயர்ப்புக்கு இக்கல்வியே அடித்தளம் எனலாம்.

சமய மரபிலிருந்து விலகல்

சென்னை வந்த சில ஆண்டுகளுக்குள் போப் வெசுலிய சங்கத்திலிருந்து விலகினார். 1843 ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானார். எசு. பி. ஜி. எனப்பட்ட நற்செய்திப் பரப்புச் சங்கத்தில் சேர்ந்தார். தந்தையின் சபையைத் தம்பி இறுதிவரை விடவில்லை. அதன் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். அண்ணனோ வேறு சபைக்குச் சென்றார். 1849 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றிருந்தபோது, இங்கிலாந்துத் திருச்சபைக்குள் பழைய வழிபாட்டு மரபுகளை மீட்க முயன்ற ஆக்சுபோர்டு இயக்கத்தாரான பூசி, கீபிள் முதலியோருடன் பழகினார். இந்த வகையில் ஒரே வீட்டில் பிறந்த சகோதரர் இருவரும் சமயக் கொள்கையில் வெவ்வேறு வழிகளில் நின்றனர்.

சாயர்புரம்

போப்பின் முதல் முதன்மையான பணியிடம் தூத்துக்குடிக்கு அருகில் உள்ள சாயர்புரம். கிறித்தவர்கள் குடியேறுவதற்காக நிலம் வாங்கிக் கொடுத்த சாயர் என்னும் வணிகரின் பெயரால் அமைந்த ஊர் இது. 1840களில் இங்கே போப் ஒரு குருமடப் பள்ளியை வளர்த்தெடுத்தார். உள்ளூர்ச் சிறுவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றோடு இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளும் கற்பிக்கப்பட்டன.

போப் சிறந்த ஆசிரியர் என்று பெயர் பெற்றவர். அதே நேரத்தில் மாணவர்களைக் கடுமையாகத் தண்டிப்பவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. இக்கண்டிப்பு அவர் பணிபுரிந்த இடங்களில் மனக்கசப்புகளுக்கும் காரணமாயிற்று.

அக்காலத் திருநெல்வேலி மாவட்டம்

போப்பின் காலத்தில் திருநெல்வேலி மாவட்டம் இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களையும், வடக்கே திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய பகுதிகளையும் உள்ளடக்கியிருந்தது. 1875 ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூரில் நிறுவப்பட்ட பென்னிங்டன் நூலகம் திருநெல்வேலி ஆட்சியர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருப்பது இதற்கு ஒரு சான்று. 1910 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது இவ்விரண்டு ஊர்களும் அதனுடன் சேர்ந்தன. 1985 முதல் இவை இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன.

ஆகவே பழைய ஆவணங்களில் திருநெல்வேலி மறைபரப்புநர் என்று காணப்படும் எல்லோரும் ஒரே பகுதியில், ஒரே சங்கத்தில் பணியாற்றியவர்கள் அல்லர். சாயர்புரம் எசு. பி. ஜி. சங்கத்தைச் சேர்ந்தது. வடக்குப் பகுதியில் சி. எம். எசு. எனப்பட்ட மறைபரப்புச் சங்கம் பணியாற்றியது. சிவகாசியைத் தலைமையிடமாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற தாமசு இராக்லாந்து (1815 - 1858) இச்சங்கத்தைச் சேர்ந்தவர். இவரும் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்லர்; ஐரோப்பாவின் தென்முனையில் உள்ள பிரித்தானிய ஆட்சிப் பகுதியான கிப்ரால்டரில் பிறந்து, பெற்றோரை இழந்து, லிவர்பூலில் உறவினரின் வணிக நிலையத்தில் வேலை பார்த்தவர். போப்பும் இராக்லாந்தும் பேரரசின் ஓரங்களில் பிறந்தவர்கள், வணிகச் சூழலில் வளர்ந்தவர்கள் என்ற ஒற்றுமை உடையவர்கள். இப்பகுதியில் மறைபரப்புநர் அல்லது பள்ளி ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தை ஆராய்பவர், முதலில் அவர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள்வது இன்றியமையாதது.

திருமணங்கள்

போப் 1841 ஆம் ஆண்டில் மேரி என்பவரை மணந்தார். இவர் கார்வர் என்னும் குருவின் மகள். மேரி 1845 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் இறந்தார். திருமணம் நடந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது போப்பின் வயது இருபத்தைந்து.

1849 ஆம் ஆண்டில் சென்னையில் என்றியேட்டா பேச் வான் சோமரன் என்பவரைப் போப் மணந்தார். வான் சோமரன் என்பது டச்சு மரபைச் சேர்ந்த குடும்பப் பெயர். என்றியேட்டா அறுபது ஆண்டுகளுக்கு அருகில் போப்புடன் வாழ்ந்தவர். தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர், ஆக்சுபோர்டு என்று அவருடைய எல்லாப் பணியிடங்களிலும் குடும்பத்தை நடத்தியவர்.

தஞ்சாவூர்

1851 ஆம் ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பிய போப் தஞ்சாவூரில் பணியாற்றினார். அங்கு லூத்தரன் மறைபரப்புநருக்கும் அவருக்கும் இடையே கடுமையான கருத்து மோதல் எழுந்தது. 1853 ஆம் ஆண்டில் அவர்களைக் கண்டித்து ஒரு நூலையும் வெளியிட்டார். இக்காலத்தில்தான் அவருடைய தமிழ்க் கையேடு வெளிவந்தது. தமிழ் கற்க விரும்பும் ஐரோப்பியருக்கும், தமிழ் இலக்கணம் கற்கும் பள்ளி மாணவருக்கும் பயன்படும் வகையில் பல பாட நூல்களை அவர் எழுதினார். போப் இலக்கணம் என்று வழங்கப்பட்ட வினாவிடை நூல்கள் தமிழகப் பள்ளிகளில் நெடுங்காலம் பயன்பட்டன.

உதகமண்டலமும் பெங்களூரும்

1850களின் இறுதியில் போப் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கி, 1870 வரை அதன் தலைமை ஆசிரியராக இருந்தார். பின்னர் பெங்களூர் பிசப் காட்டன் பள்ளியின் தலைவரானார். 1864 ஆம் ஆண்டில் காண்டர்பரிப் பேராயர் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் அளித்தார்.

இப்பள்ளிகள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கானவை. எனவே தம் வாழ்வின் நடுப்பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் போப் தமிழ் மாணவர்களுக்கு அல்லாமல் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கே பாடம் நடத்தினார். தமிழாராய்ச்சி அவருக்கு ஊதியம் தரும் தொழிலாக இருக்கவில்லை. பள்ளி வேலை போக எஞ்சிய நேரத்தில் செய்த பணியாகவே இருந்தது. நீலகிரியில் இருந்தபோது தோடர் மொழியையும் ஆராய்ந்தார். அம்மொழியின் இலக்கணச் சுருக்கம் ஒன்றை அவர் எழுத, அது 1873 ஆம் ஆண்டில் வெளிவந்த மார்சல் என்பவரின் தோடர் பற்றிய நூலில் சேர்க்கப்பட்டது.

மக்கள்

போப் - என்றியேட்டா இணையரின் மகன்களுள் மூவர் அரசுப் பணியிலும் பிற பொறுப்புகளிலும் பெயர் பெற்றனர்.

* ஜான் வான் சோமரன் போப்: பர்மாவில் பொதுக் கல்வித் துறையின் இயக்குநராகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியவர்.
* ஆர்தர் வில்லியம் யூக்ளோ போப்: இந்தியாவிலும் சீனாவிலும் தொடர்வண்டித் துறையில் பொறியாளராகவும் மேலாளராகவும் இருந்தவர்.
* தாமசு என்றி போப்: இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர்.

இப்பெயர்களைக் கவனித்தால் குடும்ப வழக்கம் புலப்படும். ஒரு மகன் தாயின் வீட்டுப் பெயரான வான் சோமரனையும், இன்னொரு மகன் தந்தையின் தாய் வீட்டுப் பெயரான யூக்ளோவையும் தாங்கினர். கார்ன்வாலில் பிறந்த ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் இவ்வாறு கனடா, இந்தியா, சீனா வரை சென்றது. குடும்ப வரலாற்றை ஆராய்வோர்க்கு நடுப்பெயர் பயனுள்ள சான்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. போப்புக்கு மகள்களும் இருந்தனர்.

ஆக்சுபோர்டு

1880களின் தொடக்கத்தில் போப் இங்கிலாந்து திரும்பினார். 1884 ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர் ஆனார். இளமையில் பல்கலைக்கழகத்தில் படிக்காத அவருக்கு 1886 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் மதிப்புறு முதுகலைப் பட்டம் வழங்கியது. 1888 முதல் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தார். அக்கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அவருடைய மொழிபெயர்ப்புப் பணிக்கு ஊக்கமளித்தார்.

போப்பின் முதன்மையான மொழிபெயர்ப்புகள் மூன்றும் அவருடைய முதுமையில் வெளிவந்தவை. திருக்குறள் வெளிவந்தபோது அவருக்கு வயது 66. நாலடியார் வெளிவந்தபோது 73. திருவாசகப் பதிப்பின் முன்னுரையைத் தம் எண்பதாம் பிறந்த நாளில், 1900 ஏப்ரல் 24 அன்று, எழுதி முடித்தார். கிறித்தவக் குரு ஒருவர் சைவ சமயத்தின் பத்தி நூலை இத்தனை ஈடுபாட்டுடன் மொழிபெயர்த்தது தமிழர்களிடையே பெரிதும் பாராட்டப்பட்டது. 1906 ஆம் ஆண்டில் அரச ஆசியக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

மறைவும் கல்லறையும்

போப் 1908 பெப்ரவரி 11 அன்று ஆக்சுபோர்டில் காலமானார். அங்குள்ள புனித செபுல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெருஞ்செல்வம் சேர்த்தவர் அல்லர். 1909 ஆம் ஆண்டில் அவருடைய மனைவிக்குப் பிரித்தானிய அரசு உதவி ஓய்வூதியம் வழங்கியது. என்றியேட்டா 1911 ஆம் ஆண்டில் இறந்து, கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தம்மைத் தமிழ் மாணவன் என்று கல்லறையில் பொறிக்குமாறு போப் கேட்டுக்கொண்டார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் தமிழகத்தில் பரவலாகக் கூறப்படுகிறது. மேடைப் பேச்சுகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் இச்செய்தி தவறாமல் இடம்பெறும். ஆனால் கல்லறையில் உள்ள வாசகம் வேறு. அது அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று குறிக்கிறது. ஆக்சுபோர்டில் அவர் வகித்த பதவிகளைக் கூறுகிறது. மேலும், கீழை நாட்டு இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பை மெச்சி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நாட்டியதாகத் தெரிவிக்கிறது. தமிழ்ப் பேராசிரியர் செல்வக்கேசவராய முதலியார் தமிழகத்தில் இதற்குப் பொருள் திரட்டி அனுப்பினார் என்று கூறப்படுகிறது.

தமிழ் மாணவன் என்ற கதை உண்மையன்று என்பதால் போப்பின் பெருமை குறைவதில்லை. கார்ன்வாலில் வேர்கொண்டு, கனடாவில் பிறந்து, இங்கிலாந்தில் அடக்கமான ஒருவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவருடைய குடும்பமே கல்லில் எழுதி வைத்தது. அக்கல்லை நாட்டியவர்களுள் குடும்பத்தாருக்கு அடுத்துத் தமிழர்களும் குறிக்கப்பட்டுள்ளனர். இவை கதையாக வழங்கும் செய்திகள் அல்ல. இன்றும் சென்று படித்துப் பார்க்கக்கூடிய சான்றுகள்.

நினைவுச் சின்னங்கள்

* 1962 ஆம் ஆண்டில் சாயர்புரத்தில் போப் கல்லூரி தொடங்கப்பட்டது.
* 1968 ஆம் ஆண்டில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் போப்பின் சிலை நிறுவப்பட்டது.

முதன்மையான படைப்புகள்

* தமிழ்க் கையேடு (முதற் பதிப்பு 1855)
* தமிழ் இலக்கண வினாவிடை நூல்கள்
* இந்திய வரலாற்றுப் பாட நூல் (1871)
* திருக்குறள் - ஆங்கில மொழிபெயர்ப்பு (1886)
* நாலடியார் - ஆங்கில மொழிபெயர்ப்பு (1893)
* திருவாசகம் - ஆங்கில மொழிபெயர்ப்பு (1900)
* புறநானூறு, புறப்பொருள் வெண்பாமாலை ஆகியவற்றிலிருந்து சில பாடல்களின் மொழிபெயர்ப்புகள்

கால வரிசை

* 1818 - தந்தை ஜான் போப் இளவரசர் எட்வர்ட் தீவுக்குக் குடிபெயர்தல்
* 1820 - பெடெக்கில் பிறப்பு
* 1826 - குடும்பம் பிளிமத் நகரில் குடியேறுதல்
* 1837 - முதல் தமிழ்ப் பாடம்
* 1839 - இந்தியப் பயணம்
* 1841 - மேரி கார்வருடன் திருமணம்
* 1843 - இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாதல்
* 1845 - மேரியின் மறைவு
* 1849 - என்றியேட்டாவுடன் திருமணம்
* 1851 - தஞ்சாவூர்ப் பணி
* 1870 - உதகமண்டலப் பள்ளியிலிருந்து விலகல்
* 1884 - ஆக்சுபோர்டில் விரிவுரையாளர்
* 1906 - அரச ஆசியக் கழகத்தின் தங்கப் பதக்கம்
* 1908 - மறைவு